தராசுக்கு முத்திரை உண்டு, ஓவனுக்கு?

கடையில் உள்ள தராசும் படியும் வருடம் ஒருமுறை பரிசீலிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும் என்பது வியாபாரிகள் அனைவரும் அறிந்த விடயம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. தராசு நூறு கிராம் பிழையாகக் காட்டினால் ஒன்றில் வாடிக்கையாளருக்கு நட்டம், இல்லாவிட்டால் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே அதன் மீது சட்டத்துக்கும் கண் உண்டு, எமக்கும் கண் உண்டு.

ஆனால் இன்று எமது ஊர்களில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இன்னுமோர் அளவுகருவியை நம்பித் தொழில் நடக்கிறது. அதுதான் ஓவனின் வெப்பக் குமிழ். பெருநாள் கேக், கல்யாணக் கேக், நானஹத்தா, பணிஸ், பெட்டிஸ் என்று வீட்டில் இருந்தே ஓடர் எடுத்துச் செய்யும் சகோதரிகளின் தொகை பெருகிக்கொண்டே போகிறது. சிறிய பேக்கரிகளிலும் விறகுப் போறணைக்குப் பதிலாக மின்சார ஓவனும் கேஸ் ஓவனும் வந்துவிட்டன. மாவையும் சீனியையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறார்கள். முட்டையை எண்ணிப் போடுகிறார்கள். ஓவனில் மட்டும் குமிழை 180இல் வைத்துவிட்டு, உள்ளே 180 பாகை இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை எவரும் பரிசீலிப்பதில்லை.

உள்ளே உண்மையில் எத்தனை பாகை என்பதை அறிய ஒரு சிறிய ஓவன் வெப்பமானி போதும். அதை எப்படிப் பாவிப்பது, அதன் கணக்கு என்ன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு கேக்கின் நட்டம் எவ்வளவு?

கணக்கை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு கேக்கை 2,500 ரூபாவுக்கு விற்கிறீர்கள். மூலப்பொருள், மின்சாரம், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபா செலவு. இலாபம் 500 ரூபா. ஒரு கேக் கருகினால் அல்லது நடுவில் அமுங்கினால் அந்த 2,000 ரூபா செலவும் போகிறது. அதை ஈடுசெய்ய இன்னும் நான்கு கேக் விற்க வேண்டும். இருபது கேக்கில் இரண்டு பழுதானால், எஞ்சிய பதினெட்டில் எட்டுக் கேக்கின் இலாபம் அந்த இரண்டை மூடுவதற்கே போய்விடும். மாதக் கடைசியில் "நல்ல ஓடர் வந்தது, ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காசுக் கணக்குக்கு அப்பால் வேறொரு நட்டமும் உண்டு. கண்டிப் பக்கத்தில் வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு சகோதரி என்னிடம் சொன்னது இது: "நானா, ரெசிபி அதேதான், கையும் அதேதான். கொஞ்ச நாளா கேக் மட்டும் நடுவுல குழியாகுது." அவர் முதலில் பேக்கிங் பவுடரை மாற்றியிருக்கிறார். பின்னர் பட்டரை மாற்றியிருக்கிறார். கடைசியில் கணவர், பல வருடமாக மா வாங்கிய கடையை மாற்றிவிட்டார். மா பழசு என்று அந்தக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லியும் விட்டார்.

அவரது ஓவனுக்குள் நான் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். குமிழ் 180இல் இருந்தது. உள்ளே 148க்கும் 168க்கும் இடையில் முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சராசரி 158 பாகை. ரெசிபியில் சொல்லப்பட்ட நேரத்துக்கு வெளியே எடுத்தால் நடுப்பகுதி இறுகியிருக்காது, குழியத்தான் செய்யும். குமிழை 200இல் வைத்தபோது சராசரி 179 வந்தது. அடுத்த கேக் குழியவில்லை. மாவில் ஒரு குறையும் இருக்கவில்லை. மா விற்ற மனிதர் வீண்பழி சுமந்ததுதான் மிச்சம். கணவர் பிறகு அந்தக் கடைக்குப் போய் விடயத்தைச் சொல்லி, பழையபடி அங்கேயே மா வாங்குகிறார்.

அளவு பிழைத்தால் பணம் மட்டுமன்றிக் கொடுக்கல் வாங்கலில் உள்ள நம்பிக்கையும் பிழைத்துவிடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குமிழ் ஏன் பிழைக்கிறது?

குமிழைத் திருப்பும்போது நாம் உள்ளே இருக்கும் தேர்மோஸ்டாட்டுக்கு ஒரு கட்டளை கொடுக்கிறோம். அவ்வளவுதான். குமிழில் உள்ள இலக்கம் உள்ளே இருக்கும் சூட்டை அளந்து காட்டும் இலக்கம் அல்ல.

மேசை மீது வைக்கும் சிறிய ஓவன்கள் பலவற்றில் இரண்டு வகை உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கும். சூடேறும்போது ஓர் உலோகம் கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். பெரிய ஓவன்களில் திரவம் நிரப்பிய மெல்லிய குழாய் ஒன்று ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். திரவம் விரிந்து அழுத்தும்போது மின்சாரம் துண்டிக்கப்படும். காலப்போக்கில் தகடு தளரும். குழாய் இடம் மாறும், அதில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும். கதவின் இறப்பர் தேய்ந்து சூடு வெளியேறும். புதிய ஓவனிலும்கூட, அந்தத் தகடு சுவருக்கு அருகில் இருப்பதால், கேக் இருக்கும் நடுப்பகுதியின் சூட்டை அது சரியாக உணராது.

இன்னொரு விடயம். தேர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுப்பதால் ஓவனின் சூடு ஒரே நிலையில் நிற்காது. குறித்த அளவுக்கு மேலே ஏறி, கீழே இறங்கி, மீண்டும் ஏறும். இது எல்லா ஓவனிலும் உள்ள இயல்பு. ஆகவே ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு "என் ஓவன் பிழை" என்றோ "சரி" என்றோ முடிவு கட்டக்கூடாது.

எந்த வெப்பமானியை வாங்குவது?

ஓவன் வெப்பமானி என்பது வட்ட முகமும் முள்ளும் கொண்ட ஓர் உலோகக் கருவி. கம்பித் தட்டில் கொளுவலாம், அல்லது நிறுத்தி வைக்கலாம். ஏறத்தாழ 50 முதல் 300 பாகை செல்சியஸ் வரை காட்டும். மின்கலம் தேவையில்லை. ஒரு கேக்கின் மூலப்பொருட்களுக்குச் செலவாகும் பணத்துக்குள் பெரும்பாலும் இதை வாங்கிவிடலாம். வாங்கும்போது இலக்கங்கள் பெரிதாக, கதவுக் கண்ணாடிக்கு வெளியே இருந்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி இல்லாத ஓவன் என்றால், நீண்ட வயரின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வகையைப் பாவிக்கலாம். உணரி உள்ளே இருக்கும், இலக்கம் காட்டும் பெட்டி வெளியே இருக்கும். பெட்டியை உள்ளே வைத்தால் உருகிவிடும், கவனம்.

2020இல் கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நீட்டிய துப்பாக்கி போன்ற கருவி சிலரிடம் இன்னும் உண்டு. அது உடற்சூட்டை மட்டும் அளப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓவனுக்கு உதவாது. தொழிற்சாலைகளில் பாவிக்கும் துப்பாக்கி வகையும் மேற்பரப்பின் சூட்டையே காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. பளபளப்பான ட்ரேயில் அது பெரிதும் பிழைக்கும்.

வெப்பமானியையே நம்பலாமா?

நியாயமான கேள்வி. வயர் உள்ள வகையைக் கொதிநீரில் பரிசீலிக்கலாம். நன்றாகக் கொதிக்கும் நீரில், பாத்திரத்தின் அடியில் படாமல் உணரியைப் பிடியுங்கள். கொழும்பு, காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் 100 பாகை காட்ட வேண்டும். மலைநாட்டில் அப்படியல்ல. உயரம் ஏற ஏற நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறையும். ஆகவே கண்டியில் 98 பாகை அளவிலும், நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் காட்டினால் கருவி சரியானதே. நுவரெலியாவில் 94 காட்டுகிறது என்று கருவியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

முள் உள்ள வகையை நீரில் போடக்கூடாது. பரிசீலித்த வயர் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் சீனி இருக்கிறது. சீனி உருகுவது 186 பாகை அளவில். எலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியை வைத்து, வெப்பமானி 175 காட்டும் நிலையில் கால் மணித்தியாலம் விடுங்கள். சீனி மணியாகவே இருக்க வேண்டும். 190க்கு மேல் காட்டும் நிலையில் அதே நேரம் வைத்தால் உருக வேண்டும். இது பருமட்டான பரிசோதனைதான். ஆனால் கருவி பெரிதாகப் பிழைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓவனைப் பரிசீலிக்கும் முறை

ஓடர் இல்லாத ஒரு நாளில், இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. ஓவனை வெறுமையாக்கி, கம்பித் தட்டை நடுவில் வையுங்கள். வெப்பமானியைத் தட்டின் நடுவில் வையுங்கள். சுவரிலோ சூடாக்கும் கொயிலிலோ அது படக்கூடாது.

2. குமிழை 180இல் வையுங்கள். விளக்கு முதல் தடவை அணைந்தவுடன் வாசிக்க வேண்டாம். அப்போது காற்று மட்டுமே சூடாகியிருக்கும். சுவர்களும் தட்டும் சூடாக இன்னும் 20 நிமிடம் விடுங்கள்.

3. அதன் பின் அரை மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடி வழியே வாசித்து எழுதுங்கள். கதவைத் திறக்க வேண்டாம். திறந்தால் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறி, வாசிப்பு பிழையாகிவிடும்.

4. ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பருமட்டான சராசரி கிடைக்கும். அதுவே நீங்கள் குமிழில் 180 வைக்கும்போது ஓவன் உண்மையில் தரும் சூடு.

5. இதையே 150இலும் 200இலும் செய்யுங்கள். பாண், பணிஸ் செய்பவர்கள் 220இலும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் பத்துப் பாகை பிழைக்கும் ஓவன் இன்னோர் இடத்தில் இருபது பாகை பிழைக்கலாம்.

வித்தியாசம் ஐந்து பாகைக்குள் என்றால் கவலைப்பட வேண்டாம். பத்து முதல் இருபது என்றால் குமிழைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், அல்லது ஒவ்வொரு நாளும் வித்தியாசம் மாறிக்கொண்டே இருந்தால், திருத்துபவரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. தேர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன்னர் கதவு இறப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாண் துண்டுப் பரிசோதனை

நடுவில் சரி என்றால் மூலைகளிலும் சரி என்று அர்த்தமல்ல. இதற்கு ஓர் இறாத்தல் பாண் போதும். துண்டுகளாக வெட்டிக் கம்பித் தட்டு முழுவதும் பரப்பி, நன்கு சூடேறிய ஓவனில் 180இல் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் எந்த மூலை கறுக்கிறது, எந்த மூலை வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு வரைபடம் போலத் தெரியும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுக்கும் மூலையில் கப் கேக்கை வைக்காதீர்கள், அல்லது பாதி நேரம் கடந்ததும் ட்ரேயைத் திருப்பி வையுங்கள். கேக் பொங்கி இறுகும் முன்னர் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும் என்பதால், பாதி நேரத்துக்கு முன்னர் திருப்ப வேண்டாம்.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது?

சில ஓவன்களில் குமிழைக் கழற்றினால் பின்னால் ஒரு சிறிய திருகாணி இருக்கும். அதனால் தேர்மோஸ்டாட்டைச் சரிசெய்யலாம். டிஜிட்டல் ஓவன்கள் சிலவற்றில் பாகையைக் கூட்டிக் குறைத்துப் பதிந்து வைக்கும் வசதி உண்டு. கைந்நூலில் பாருங்கள். ஆனால் உத்தரவாதக் காலம் முடியாத ஓவனை நீங்களே கழற்றினால் உத்தரவாதம் போய்விடலாம். மின்சார ஆபத்தும் உண்டு. அதைத் திருத்துபவரிடம் விடுவதே நல்லது.

எல்லோராலும் செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு காகிதத்தில் இரண்டு நிரல் போடுங்கள். ஒரு பக்கம் "தேவையான சூடு", மறுபக்கம் "குமிழில் வைக்க வேண்டியது". மேலே சொன்ன சகோதரியின் ஓவனில் 180க்கு எதிரே 200 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. உதவிக்கு வரும் பிள்ளை யாராக இருந்தாலும் அதைப் பார்த்துச் செய்ய முடிகிறது. தொழில் ஒருவருடைய கைப்பழக்கத்தில் மட்டும் தங்கியிராமல் எழுத்தில் இருப்பது எப்போதும் நல்லது.

ரெசிபியில் ஒளிந்திருக்கும் பிழைகள்

ஓவன் சரியாக இருந்தும் கேக் பழுதானால் ரெசிபியின் அலகைப் பாருங்கள். அமெரிக்க ரெசிபிகள் பரனைற்றில் இருக்கும். அதில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ் வரும். 350 பரனைற் என்பது 177 பாகை செல்சியஸ். பழைய ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் கேஸ் மார்க் என்று இருக்கும். கேஸ் மார்க் 4 என்பது 180 பாகை, 6 என்பது 200 பாகை, 2 என்பது 150 பாகை. விசிறி உள்ள ஓவன் என்றால், சாதாரண ஓவனுக்காகச் சொல்லப்பட்ட சூட்டில் இருந்து 20 பாகையைக் குறைப்பது வழக்கம்.

மின்னழுத்தத்தையும் மறக்க வேண்டாம். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். கிராமப்புறங்களில் மாலை வேளையில் அது இறங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கொயிலின் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 2,000 வோட் ஓவன் 200 வோல்ட்டில் ஏறத்தாழ 1,500 வோட் மட்டுமே தரும். கால்வாசி வலு போய்விடுகிறது. ஓவன் சூடேறப் பிந்தும், கதவைத் திறந்து மூடினால் மீண்டும் சூடேற நேரமெடுக்கும். காலையில் நன்றாக வந்த கேக் இரவு ஏழு மணிக்கு வராவிட்டால் இதுவும் காரணமாகலாம். உள்ளே வெப்பமானி இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை, பார்த்து அறியலாம்.

கோழி, இறைச்சி சேர்த்த உணவு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓவன் வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் சொல்லும். கோழி உள்ளே வெந்ததா என்பதை அது சொல்லாது. அதற்குக் கூரிய முனையுள்ள உணவு வெப்பமானி வேறு உண்டு. கோழியின் தடித்த பகுதியில் 74 பாகை வர வேண்டும்.

விற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு

மின்சாரப் பொருட்களும் பேக்கரிச் சாமான்களும் விற்கும் எமது வியாபாரச் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "ஓவன் சூடாகுது இல்லை", "ஓவன் கருக்குது" என்று திரும்பி வரும் முறைப்பாடுகளை எப்படித் தீர்க்கிறீர்கள்? கடையில் ஒரு நல்ல வெப்பமானி இருந்தால், வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே அளந்து காட்டலாம். ஓவன் சரி என்றால் அவர் திருப்தியோடு போவார். பிழை என்றால் இறக்குமதியாளரிடம் பேச உங்கள் கையில் இலக்கம் இருக்கும். ஓவன் விற்கும்போது அதனுடன் ஒரு வெப்பமானியையும் எடுத்துக் காட்டுங்கள். பாவிக்கும் முறையை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். சின்னச் சாமான்தான், இலாபமும் சின்னதுதான். ஆனால் ஓவன் விற்றுவிட்டுக் கைகழுவும் கடைக்கும், விற்ற பின்னும் வாடிக்கையாளரின் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று நினைக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசத்தை மக்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

ஓவனுக்கு முத்திரை குத்த எந்த அதிகாரியும் வீட்டுக்கு வரப்போவதில்லை. தராசை வருடம் ஒருமுறை பார்ப்பது போல், ஓவனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். திகதியைப் போட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். புதிய ஓவன் வாங்கிய நாளிலும், பழைய ஓவனை இடம் மாற்றிய நாளிலும், திருத்தி எடுத்த நாளிலும் ஒரு தடவை பாருங்கள். முக்கியமாக, பெருநாள் ஓடருக்கு முற்பணம் வாங்குவதற்கு முந்திய வாரம் பாருங்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் ஓர் இறாத்தல் பாணும் வீண்போகாது.